பிள்ளையார் சுழி

ஜெலுத்தோங் சந்தையில் காலை ஐந்தரைக்கு
முட்டை உடைக்கிறேன், ரொட்டி தெலூருக்கு.
வீட்டில் ஒரு முட்டை இல்லை.
மீன் இல்லை. எள்ளுருண்டைகூட இல்லை.

மெத்தியோனினைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்,
மருந்து ஏறும் ஆறு வாரத்துக்கு.
உடம்பு எந்தப் புரதத்தை எழுதத் தொடங்கினாலும்
அதுதான் பிள்ளையார் சுழியாம்.
கட்டிக்கும் அதே சுழி,
அதற்குத்தான் பசி அதிகம்
என்று படம் வரைந்தார் டாக்டர் சியூ லிங்.
நிச்சயமில்லை, சோதித்துப் பார்க்கிறோம் என்றும் சொன்னார்.

இப்படி வாயைக் கட்டிய எலிகள்
மூப்புத் தட்டாமல் நெடுநாள் ஓடினவாம்.
"அந்தக் கூடுதல் நாளில்
என்ன தின்ன ஆசை என்று
எலியை யாராவது கேட்டார்களா?"
என்கிறாள் தவமலர்,
சவ்வரிசிக் கஞ்சியைக் கிளறியபடி.

சோப்புப் போட்டு மூன்று முறை
கை கழுவிவிட்டுத்தான் அவளருகில் போகிறேன்.
அப்படியும் விரலை மோந்து பார்த்துச் சிரிக்கிறாள்:
"இன்றைக்கு இருநூறு தாண்டியிருக்குமே?"