உள்ளே சிவப்பு

யீஷூன் காப்பிக்கடையில்
மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள மேசை எங்களுடையது,
பத்து மணிக்குள் வந்துவிட்டால்.
தாவூது இரண்டு தே-ஓ கோசோங் வாங்கி வருவான்.
ஒன்று அவனுக்கு. இன்னொன்றும் அவனுக்கு.

முதலில் வைரவனின் முழங்கால்.
பிறகு அதில் போட்ட ஊசி, ஊசியின் விலை.
பிறகு தாவூதின் மருமகன் எடுத்த மின்சாரக் கார்:
"சத்தமே இல்லடா,
நமக்குத் தெரியாம நம்மளக் கொண்டு போகுது."
சான்றிதழுக்கு மட்டும் எவ்வளவு கட்டினான் என்று சொன்னான்.
"அந்தக் காசுக்கு அப்ப
நேவல் பேஸையே வாங்கியிருக்கலாம்" என்றான் அந்தோணி.
வெள்ளைக்காரன் விற்றால்தானே, என்றேன்.

இப்படித்தான் செல்லையாவின் ஆஸ்டின்
சர்க்கரை டப்பாவை நகர்த்திக்கொண்டு
மேசை நடுவில் வந்து நின்றது.

மூன்று பேர் ஓட்டிக் கழித்த வண்டி.
இடப்பக்கக் கதவுக்குக் கயிறு.
ஜொகூருக்கு ஏழு பேர் போனோம்,
உட்லண்ட்ஸ் தாண்டுவதற்குள் கொதித்துவிட்டது.
என் அம்மா கொடுத்தனுப்பிய பார்லித் தண்ணீர்
முழுக்க ரேடியேட்டர் குடித்தது.
எங்களுக்கு ஒரு சொட்டில்லை.
"அதுக்கப்புறம்தான் நல்லா ஓடுச்சு" என்றான் வைரவன்.
அப்புறம் ஓடவேயில்லை. தள்ளினோம்.
தள்ளியவர்களில் அவன் இல்லை, அதனால் நினைவில்லை.

எங்கள் வீட்டில்தான் டிவி.
நாலு கால், இரண்டு கதவு, ஒரு பூட்டு.
சாவி அப்பாவின் இடுப்பு வாரில்.
மல்யுத்த இரவுகளில் அவரே திறப்பார்,
வாசல்வரை செருப்புகள்.
அந்தோணி கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்புவான்:
"இப்ப? இப்ப?"
"பனி கொட்டுதுடா!"
சிங்கப்பூரில் பெய்த ஒரே பனி அது.
அவன் மட்டும் பார்க்கவில்லை,
கூரைமேல் நனைந்துகொண்டிருந்தான், நிஜ மழையில்.

"அந்த முகமூடிக்காரன்," தாவூது ஆரம்பித்தான்,
"சிவப்பு முகமூடி, ரத்தச் சிவப்பு."
பெட்டியே கறுப்பு வெள்ளைதானே, என்றேன்.
"இருக்கட்டுமே. முகமூடி சிவப்பு."

சரி, அப்படியானால் ஆஸ்டின் என்ன நிறம்?

பச்சை, என்றான் தாவூது.
நீலம். கருநீலம், என்றான் வைரவன்.
அந்தோணி கண்ணை மூடி யோசித்து
"சாம்பல்" என்றான். அது அந்தப் படத்தின் நிறம்.

என் கைபேசியில் இருக்கிறது அந்தப் படம்.
பானெட்டின்மேல் நாங்கள் ஐந்து பேர்,
எல்லோருக்கும் இடுப்பு இருக்கிறது.
செல்லையா படத்தில் இல்லை, எடுத்தவன் அவன்.
மட்கார்டின்மேல் அவன் நிழல் விழுந்திருக்கிறது,
முழங்கையை விரித்தபடி.

அவனைக் கேட்கலாம் என்றால்
மண்டாய் போய் ஆறு வருஷமாகிறது.

பெர்த்தில் தங்கச்சிக்காரி இருக்கிறாளே என்று
புஷ்பவல்லிக்கு அழைத்தோம்.
கைபேசியை டப்பாமேல் சாய்த்து வைத்தால்
அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.
நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.
"எந்தக் காரு? அண்ணனோடதா?
சொர்ணம், நீயுமா இவனுங்களோட சேர்ந்து..."
கொஞ்ச நேரம் நெற்றி யோசித்தது.
"வெளிய என்ன கலருன்னு எனக்கென்ன தெரியும்,
நான் எப்பவும் உள்ளதானே உட்கார்ந்திருப்பேன்?
உள்ள சிவப்பு.
சீட்டு கிழிஞ்ச இடத்துல தேங்காய் நார்.
வெயில்ல நின்னுச்சுன்னா தொடை வெந்துபோகும்."

ஒருவரும் பேசவில்லை.
வைரவன் மெல்லத் தன் தொடையைத் தடவினான்,
முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

"சிவப்புன்னு நான் சொல்லல?" என்றான் தாவூது,
இரண்டாவது கோப்பையைக் கையில் எடுத்து.
நீ சொன்னது முகமூடி என்று
அவனிடம் யார் சொல்வது?
அங்கே பெர்த்தில் நெற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தது,
ஹாரன் வேலை செய்யாததால்
சந்து திரும்பும்போதெல்லாம் அவள்தான்
தலையை வெளியே நீட்டிக் கத்துவாளாம்.