முறையீடு

பாறசாலை மைதானம். ஏழாவது இன்னிங்ஸ்.
ஷெர்லின் இரண்டாம் பேஸைத் தாண்டியபோது
காலுக்கும் பைக்கும் நாலு விரற்கடை.
மேலே படிந்த செம்மண் கலையவேயில்லை.
நான் பார்த்தேன்.

விதி அம்பயருக்குப் போட்ட வாய்ப்பூட்டு:
எதிரணி கேட்டால்தான் அவுட்.
அடுத்த பந்து வீசும்வரை கேட்கலாம்,
வீசிவிட்டால்
ஓடாத ஓட்டமும் ஓட்டம்தான்.

உள்ளூர்க் கோச் மலையாளத்தில்
வேறெதற்கோ கத்திக்கொண்டிருந்தார்.
பிச்சர் பந்தைத் தொடையில் துடைத்தாள்,
திருப்பித் திருப்பி.
கேளேன், பிள்ளே.
வீசிவிட்டாள்.

சாயங்காலம் களியக்காவிளை செக்போஸ்ட்.
பஸ்ஸில் ஏறிய காவலர்
ஒரு பையையும் தொடாமல் இறங்கினார்.
முன்சீட்டிலிருந்து ஷெர்லின் திரும்பினாள்:
"சார், நான் மிதிச்சேனா?"

கேட்கவேண்டியது நீயில்லை, மக்கா.
டிக்கெட்டை இன்னும் சிறிதாக மடித்தேன்.