மாலைச் சவாரி, பலபோர்வா

நாலரைக்குள் வாயிலில் இருக்க வேண்டும்,
தாமதித்தால் பணம் திரும்பாது என்று
ரசீதிலேயே அச்சடித்திருந்தார்கள்.
நான் நான்கு மணிக்கே வந்துவிட்டேன்.

சுரங்க ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே இயந்திரம்.
அதைப் பழக்கிக் காட்ட
டர்பனிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள், ஐந்து நாள்.
நான்கு நாளில் தொண்ணூற்றாறு நெஞ்சு.
மூச்சை இழுங்கள்.
பிடியுங்கள்.
விடுங்கள்.
நான்காம் நாள் மாலை மட்டும் எனக்கு.

திறந்த வண்டி, பத்து இருக்கை,
ஆளுக்கொரு போர்வை,
அதில் நேற்றுப் போர்த்தியவரின் தைல வாசனை.
ஓட்டுபவரும் காட்டுபவரும் ஒருவரே, ஹ்லெங்கானி பலோயி.
"யாரும் எழுந்து நிற்காதீர்கள்" என்றார்.
"உட்கார்ந்திருக்கும்வரை நாம் ஒரே பெரிய மிருகம்.
எழுந்தால் தனித்தனி இரை."

முதல் இம்பாலாவுக்கு ஒன்பது கேமரா.
ஏழாவதுக்கு இரண்டு.
இருபதாவது இம்பாலா எங்களைப் பார்த்தது.
நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

முன் இருக்கையில் ஜோஹன்னஸ்பர்க் தம்பதி.
அவர்களுக்குச் சிவிங்கிப்புலி வேண்டும்.
வருமா, எந்தப் பக்கம் வரும் என்று
பந்தியில் உட்கார்ந்துகொண்டு பாயசம் கேட்பதுபோல்
கேட்டுக்கொண்டே வந்தார்கள்.
"போன வாரம் பார்த்தோம்" என்றார் ஹ்லெங்கானி.
மீன் தீர்ந்துபோன கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்.

இரண்டு பக்கமும் மொப்பானி மரங்கள்.
அந்த இலையைக் காட்டி
வண்ணத்துப்பூச்சி மாதிரி இல்லையா என்றாள் ஒரு சிறுமி.
நடுவில் பிளந்து இரு மடலாய்த் தொங்கிய இலை.
எனக்கு அது நுரையீரல்.
மரம் மரமாக நுரையீரல்,
எல்லாமே சுத்தமான நுரையீரல்.

பிறகு வண்டி நின்றது. இன்ஜினையும் அணைத்தார்.

ஒட்டகச்சிவிங்கி ஒன்று
முன்கால்களை அகட்டி, அகட்டி,
தன் உயரத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்துவிட்டு
தரையிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தது.
வாயோரம் வெள்ளையாய், வளைந்து,
சுருட்டுப் பிடிப்பதுபோல்.

"எலும்பு" என்றார் ஹ்லெங்கானி, மெதுவாக.
கறி தின்னுமா என்று யாரோ பதறினார்கள்.
"இல்லை. இங்கே தழையில் பாஸ்பரஸ் போதாது.
செத்ததன் எலும்பைச் சப்பி ஈடுகட்டுகிறது."

விலா எலும்பு. அந்த வளைவை எனக்குத் தெரியும்.
என் தொழிலில் எலும்பு எப்போதும் சத்தமில்லாதது,
விளக்குப் பெட்டியில் சாம்பல் நிறமாய் இருப்பது.
இங்கே அது பல்லில் உரசியது. கேட்டது.
வேலிக்கு அப்பால், வந்த வழியில்,
சுரங்கத்தின் மண்மேடு வெயிலில் சிவந்திருந்தது.
அங்கே தோண்டி எடுப்பதும் பாஸ்பேட்தான்.
மூட்டை கட்டிக் கப்பலில் போகிறது, யாருடைய வயலுக்கோ.
தோண்டியவர்கள் என்னிடம் வந்து
சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

எவ்வளவு நேரம் பார்த்தோமோ.
மூச்சைப் பிடித்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.
விடுங்கள் என்று சொல்ல
அங்கே யாரும் இல்லை.

இருட்டிவிட்டது. திரும்பும் வழியில் கைவிளக்கின் வட்டத்தில்
ஒரு பச்சோந்தி, தூங்குவதால் வெளிறி,
சாலை நடுவே ஒரு பக்கிக்குருவி.
"எங்கள் மொழியில் அது நுட்ல்வா" என்றார் ஹ்லெங்கானி.
"உங்கள் மொழியில்?"
சாட்ஸ்வர்த்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்,
முப்பது பட அட்டைகள்.
முப்பதில் மிக நீளமான பெயர் அதுதான்.
சொன்னேன். பிரித்தும் சொன்னேன்:
ஒட்டகம், சிவிங்கி.

"சிவிங்கியா?" முன் இருக்கை திரும்பியது. "எங்கே?"
பெயருக்குள்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அவர் மனைவி மடியிலிருந்த பட்டியலைத் திறந்து
கைபேசி வெளிச்சத்தில்
சிவிங்கிப்புலிக்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

வாயிலில் காவலர் தலைகளை எண்ணினார்.
பத்து.
ஏட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை எண்ணினார்.
பத்தேதான்.
"ஒருவரும் குறையவில்லையா?" என்றார்,
கொஞ்சம் ஏமாந்த குரலில்.