ஒன்றாம் எண்

வால்டிவியாவில் ஜூலை மழை.
கூரைத் தகரத்தில் அது
வரிசை எதுவும் பார்ப்பதில்லை.
மீன் சந்தைப் படியில் கடற்சிங்கம் ஒன்று
யாருக்கோ கணக்குச் சொல்வதுபோல் குரைக்கிறது.

இஸ்மேனியா கத்ரிலேயோவிடம் ஒரு வாக்கு இருக்கிறது.
எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி சின்னது:
கணினி கண் விழிக்கையில்
முதலில் எழுவது யார்?
ஒன்றாம் எண் வாங்கிக்கொண்டு
மற்றவரை எழுப்பி,
பெற்றவர் போய்விட்ட நிரல்களைத் தத்தெடுத்து,
செத்தும் பட்டியலை விட்டு நகராதவற்றை
அள்ளி அடக்கம் செய்து,
கடைசி விளக்கு அணையும் வரை
தூங்காமல் இருப்பது யார்?

புதியது எல்லோரையும் ஒரே நேரத்தில் உலுக்கும்.
பதினொரு நொடி.
பழையது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி,
பதில் கேட்டு, அப்புறம்தான் அடுத்தவர்.
நாற்பது நொடி. சில நாள் அதற்கும் மேல்.

அலுவலகத்தில் அவள் புதியதைத்தான் வைத்திருக்கிறாள்.
நதி மட்டம் அளக்கும் ஏழு பெட்டிகள்;
விழுந்ததை அதுவே தூக்கி நிறுத்திவிடும்.
ஞாயிற்றுக்கிழமை அவளை யாரும் கூப்பிடுவதில்லை.
நல்ல சாமான் என்பாள், மறைக்காமல்.

ஆனாலும் இரவில், சம்பளம் இல்லாமல்,
பழையதற்கு வேண்டிய பன்னிரண்டு தொடக்க நிரல்களை
ஒட்டுப் போட்டுக் காப்பாற்றுகிறாள்.
விழலுக்கு ஏன் நீர் இறைக்கிறாய் என்று
ஓலோமௌட்ஸிலிருந்து யாரோமீர் கேட்டான்.
அவள் எழுதினாள்:
சிலோயே தீவில் ஒருவர் இருக்கிறார்.
பெயர் தெரியாது.
வருடத்துக்கு ஒரு பிழை அனுப்புவார்,
திட்டித்தான் அனுப்புவார்.

வாக்குச் சீட்டில் நான்கு வரி.
கடைசி வரி: இன்னும் பேசுவோம்.
நான்கு வருடம் பேசியாயிற்று.
பேச்சில் இரண்டு பேர் விலகிப்போனார்கள்;
அதில் ஒருத்தி அவளுக்கு
மொழிபெயர்ப்புப் பிழை திருத்தித் தந்தவள்.

ஏழு ஐம்பத்தாறுக்கு மின்சாரம் போனது.
ஐம்பத்தேழுக்கு வந்தது.
பேட்டரி செத்த லேப்டாப்,
பழையதை நம்பி வாழ்வது,
வரி வரியாய் எழுந்தது.
கடிகாரம், சரி.
வட்டு, சரி.
நெட்வொர்க்: காத்திருக்கிறேன்.
நெட்வொர்க்: காத்திருக்கிறேன்.

அந்த வரியை எழுதியது அவள்.
அறுபது நொடி என்று வைத்ததும் அவள்,
மெதுவான மோடம் உள்ள யாரையோ நினைத்து.
தன்னைத் தானே ஸ்பானிஷில் திட்டிக்கொண்டு
காத்திருந்தாள்.

ஏழு ஐம்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது:
'இரண்டும் இருக்கட்டும்' முதலாவது,
'புதியது மட்டும் போதும்' இரண்டாவது.

ஜெயித்தது அவளுடைய இரண்டாவது.
யாரோமீர் கிண்டல் செய்யவில்லை.
அதுதான் கொஞ்சம் வலித்தது.

வியாழக்கிழமை சிலோயேயிலிருந்து பிழை வந்தது.
நெட்வொர்க்குக்கு அறுபது நொடியா?
எந்த மடையன் வைத்தான்?

மடையன் இல்லை, மடைச்சி
என்று பதில் போட்டு
முப்பது ஆக்கினாள்.
அடுப்பில் விறகு தள்ளிவிட்டு வந்து
நாற்பத்தைந்து ஆக்கினாள்.
உங்கள் மோடம் என்ன மாடல்
என்று கேட்டு எழுதினாள்.

பதில் இன்னும் வரவில்லை.