எந்த மாதம் வரலாம்

நகர அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள் நான்.
ஏப்ரல் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.
அசேலியா பூத்திருக்கும்,
மேயர் வீட்டு வேலிக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.
பைன் மரத்து மகரந்தம் மட்டும் மஞ்சள் பொடியாய்
கார் மேல், நாய் மேல், காயப் போட்ட சட்டை மேல்.
அதைச் சொல்வதில்லை.

ஜூலை என்று கேட்டால் பீச் பழம் என்பேன்.
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும்.
ஞாயிறு ஆராதனையில் அட்டை விசிறிகள்
போதகரை முந்திக்கொண்டு ஆமென் போடும்.

நேற்று டெட்ராய்ட்டிலிருந்து ஒருவர்.
ஆர்லிஸ் பெட்டிக்ரூ, என்றார்.
அம்மா உங்கள் ஊர்தான்.
பதினேழு வயதில் பஸ் ஏறியவள் திரும்பவே இல்லை.
கடைசி வாரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள்,
ரோட்டோரம் வெள்ளையாய்க் கிடக்கிறதா என்று.
பனியைச் சொன்னாளா?

ஜார்ஜியாவின் இந்த மூலையில் ஏது பனி.
பஞ்சு.
அறுவடை லாரிகள் சிந்திவிட்டுப் போவது.
முள்கம்பியில் தொங்கும், ஓடையில் ஊறும்,
குனிந்து எடுக்க ஆளில்லை.

நவம்பரில் வாருங்கள், என்றேன்.
பூ இருக்காது. கடைகளில் பாதி பூட்டியிருக்கும்.
விடுதியில் ஹீட்டர் ஒன்றுதான், அதுவும் இரவெல்லாம் இருமும்.

பேனா ஓடும் சத்தம் கேட்டது.
அப்புறம் மெதுவாக:
கொஞ்சம் அள்ளினால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

எனக்குத் தொண்டையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.
இல்லை ஐயா.
எடை போட இப்போது
யாரும் நிற்பதில்லை.