எதிரே நடந்து வந்தால்

ஞாயிறு காலை எட்டரைக்கு
திருத்துறைப்பூண்டி புறவழிச்சாலையில்
நைனா முகமதுவின் பஞ்சர் கடை வாசலில்
வந்து நின்றது புதுசு.
வேதரத்தினம் இறங்கவில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு
எங்களைப் பார்க்கவிட்டான்.

நாங்கள் நாலு பேர்.
கார் ஒருவருக்குத்தான் உண்டு,
அபிப்பிராயம் எல்லோருக்கும் உண்டு.

"மூஞ்சி எங்கடா?" என்றான் பக்கிரிசாமி.
கிரில் இருக்க வேண்டிய இடத்தில்
வழவழவென்று ஒரு தகடு,
வாயைத் தைத்துவிட்ட மாதிரி.
"கரண்டு வண்டிக்கு மூச்சு எதுக்கு?" என்றான் இருதயராஜ்.
"மூச்சு வேணாம்.
விடுற மாதிரி ஒரு பாவனையாவது வேணாமா?"

கதவுப் பிடி உள்ளே பதுங்கியிருந்தது.
சாவி கிட்டே வந்தால்தான்
ஆமை போலத் தலையை நீட்டும்.
"ஐப்பசி வரட்டும், பார்ப்போம்" என்றேன்.
நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
இருக்கைத் துணியில் வண்டல் ஏறி நின்ற கோட்டை
ஸ்கேல் வைத்து அளந்து
ஒரு காரின் மிச்ச ஆயுளை எழுதுகிறவள்.
சேறு காய்ந்து இறுகிய கதவுக்குள்
வெளியே வர முடியாமல்
இரண்டு முறை முனகி அடங்கும் குட்டி மோட்டாரை
விளம்பரம் எடுப்பவர்கள் கேட்டதில்லை.

இருதயராஜ் பழைய கார்களைப் புகழத் தொடங்கினான்.
அந்தக் காலத்து இரும்பு, அது இது என்று.
நைனா சிரிக்காமல் சொன்னான்:
"அந்த இரும்ப முத்துப்பேட்டை வரைக்கும் தள்ளியிருக்கேன்.
நல்ல கனம்."
அதோடு அந்தப் பேச்சு நின்றது.

"பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி" என்றான் வேதரத்தினம்.
"சர்வீஸ் எங்க?"
"தஞ்சாவூர்ல."
"தஞ்சாவூர் வரைக்கும் ஓடுற வண்டிக்கு
எதுக்குப்பா சர்வீஸு?"

பிறகு ஏறிக்கொண்டோம்.
மன்னார்குடி சாலை. குறுவை அறுத்த வாரம்.
தாரில் பாதி, நெல்லில் பாதி.
கண்ணாடிக்கு மேலிருந்த கேமரா
நெல்லின் விளிம்பைக் கோடு என்று எடுத்துக்கொண்டது.
வெள்ளைக்கோடு அழிந்து மூன்று வருஷமான சாலையில்
அதற்குக் கிடைத்த ஒரே கோடு.
ஸ்டீயரிங் தானாக, மெல்லத் திரும்பியது.
நெல் வளைந்த இடத்தில் வளைந்தது,
ஒரு மணியையும் மிதிக்காமல்.
பக்கிரிசாமி வாயே திறக்கவில்லை.
பத்து வருஷம் மினி லாரியை
நெல் மேலேயே ஓட்டினவன்.

காற்றில் ஒரு படுதா எழுந்தது.
கார் அதை என்னவென்று நினைத்ததோ,
அலறியது, நின்றது.
இருதயராஜின் கையிலிருந்த டீ
பால் நிற இருக்கையில்.
திரையில் சிவப்பாய் ஏதோ துடித்தது.
அணைக்க மூன்று பக்கம் தள்ள வேண்டுமாம்.
இரண்டாவது பக்கத்தில் பாட்டு ஓடத் தொடங்கியது.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள்
படுதாவை இழுத்துக் கல் வைத்துவிட்டு வந்தாள்.
இடுப்பில் கை. முன்னால் குனிந்து பார்த்தாள்.
"கண்ணு இத்துனூண்டு இருக்கே,
ராத்திரியில தெரியுமா?"

வேதரத்தினத்துக்கு இதுதான் வேண்டியிருந்தது.
அரைக் கிலோமீட்டருக்குப் பகல் மாதிரி அடிக்கும் என்றான்.
எதிரே கார் வந்தால்
அந்தப் பக்கத்தை மட்டும் தானே தணிக்கும் என்றான்.

"நடந்து வந்தா?"

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
கையேட்டில் அந்தப் பக்கம் இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
அவள் பதிலுக்கு நிற்கவில்லை.
திரும்பிப் போய், விளிம்பு நெல்லை
காலாலேயே ஓரடி உள்ளே தள்ளினாள்,
நாங்கள் போக.

கார் சத்தமில்லாமல் புது விளிம்பைப் பிடித்துக்கொண்டது.
பாமணியாறு தாண்டும்வரை யாரும் மதிப்பெண் போடவில்லை.
அப்புறம் வேதரத்தினம்தான் கேட்டான்,
டீக்கறை க்ளெய்மில் வருமா என்று.
வராது என்றேன்.