பல்

சோலோதூர்னுக்கு மேலே, ரூட்டனென் கிராமத்தில்
கார் நிறுத்த இடம் வேண்டுமென்று
ஒரு பல் வைத்தியர் தோட்டத்தைத் தோண்டச் சொன்னார்.
காலை முழுவதும் களிமண்,
பலாப்பால் போல விடாமல் ஒட்டியது.
பதினொரு மணிக்கு
வாளியின் பல்லில் வேறொரு சத்தம்.
இயந்திரத்தை நிறுத்தினேன்.

கீழே பாறை.
நான் தினமும் உடைக்கிற முரட்டுச் சுண்ணாம்பு அல்ல.
இழைப்புளி போட்டு இழைத்த பலகை மாதிரி,
வெயிலைத் திருப்பி என் கண்ணிலேயே அடித்தது.
பெஸ்னிக் குனிந்து பார்த்தான்:
"நமக்கு முன்னாலேயே யாரோ தரை போட்டுவிட்டார்கள்."

மாநில அலுவலகத்திலிருந்து ரெகுலா அஃபோல்டர் வந்தார்.
ஒரு வாளித் தண்ணீர், ஒரு தும்புத்தடி.
ஈரம் பட்டதும் கோடுகள்.
பத்து, ஐம்பது, அப்புறம் எண்ணவில்லை.
எல்லாம் வடகிழக்கே,
பெரிய கூட்டமொன்று
காலை இழுத்து இழுத்துப் போன தடம்.

பனியா கீறியது?
ஃபிரிட்ஜ் கட்டியை என் நகமே கீறுமே!
"பனிக்கு நகமில்லை," என்றார்.
"கற்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது."
களிமண்ணைத் துழாவி ஒன்றை எடுத்துத் தந்தார்:
பச்சைக் கல், ஒரு பக்கம் தேய்ந்து தட்டை.
வாலே மலையில் பிறந்து,
பனியாற்றின் கைப்பிடிக்குள் இருநூறு கிலோமீட்டர்,
இதைத் தேய்த்து, தானும் தேய்ந்து,
பிடி தளர்ந்த இடத்தில் கிடந்திருக்கிறது.

தடவிப் பார்க்கச் சொன்னார்.
போகும்போது வழுக்கியது.
திரும்பும்போது தோலைத் தடுத்தது,
பூனையை வால் பக்கமிருந்து தடவினாற்போல.

சில கோடுகள் மற்றவற்றைக் குறுக்கே வெட்டின.
"கொழுத்திருந்தபோது மலையையே மதிக்கவில்லை,
ஏறிப் போயிற்று.
மெலிந்த பிறகு
பள்ளத்தாக்கு சொன்ன வழியில் நடந்தது."

இனி எத்தனை நாள் இருக்கும்?
"மூடியிருந்த வரைக்கும் இருந்தது.
இப்போது திறந்துவிட்டீர்கள்.
மழை சுண்ணாம்பைத் தின்னும்.
பத்துப் பதினைந்து குளிர்காலம்."

பல் வைத்தியர் பலகணியில், கையில் கோப்பியோடு:
"அப்போ என் கார்?"
"தாராளமாக நிறுத்துங்கள்.
களிமண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டு, மேலே.
இதற்கு அதைவிட நல்லது எதுவுமில்லை."

இருட்டியதும் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்தார்.
பகலில் படுத்திருந்த கோடெல்லாம்
நிழலோடு எழுந்து நின்றன.
அவர் திசைமானியில் வாசிக்க, நான் எழுதினேன்.
ஐம்பத்திரண்டு. ஐம்பது. ஐம்பத்து மூன்று.
குறுக்குக் கோடு, முப்பத்தொன்பது.
பிறகு,
நூற்றுப் பத்து.

வெள்ளையாக, விரல் அகலத்தில்.
ஓரத்தில் இன்னும் மாவு உதிர்ந்தபடி.
என் வாளி.

எழுதவா என்றேன்.
அவர் விளக்கை நகர்த்தவில்லை, கொஞ்ச நேரம்.
"எழுதுங்கள். யாரென்றும் எழுதுங்கள்."
குகதாசன் என்று தமிழிலேயே எழுதினேன்.
மற்ற வரிகளுக்கு நேரே அந்தக் கட்டம்
வெறுமையாக இருந்தது.

மறுநாள், மூடுவதற்கு,
பல்லில்லாத வாளியை மாட்டிக்கொண்டு வந்தேன்.